நன்கமைவு

இரண்டு கருந்துளைகள் மோதுவதைக் கணினியில் கணக்கிடுவோரிடம் ஐன்ஸ்டைனைத் தாண்டிய புதிய ஈர்ப்புக் கோட்பாடு ஒன்றை நீட்டினால், அவர்கள் முதலில் கேட்பது அது ‘வெல்-போஸ்ட்’ தானா என்றுதான். ‘நன்கு வரையறுத்த’ என்று தமிழில் எழுதிவிடத் தோன்றும். அது போதாது.

சொல்லின் மூலம் பிரெஞ்சு: ‘பியன் போஸே’. கணிதர் ழாக் ஹடமார் 1902-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து இது. கணக்குக்கு விடை இருக்க வேண்டும். அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்கத் தரவு சற்றே அசைந்தால் விடையும் சற்றே அசைய வேண்டும். மூன்றாவது நிபந்தனை பிற்பாடு சேர்ந்தது. ஆனால் கணினியில் கணக்கிடுவோருக்கு உயிர்நாடி அதுதான்.

ஹடமாரே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். அலையாக ஓடாமல் நிலைத்து நிற்கும் புலங்களை விவரிக்கும் லாப்லாஸ் சமன்பாட்டில், ஒரு கோட்டின் மேல் மதிப்பு சுழி, சரிவு மட்டும் ஒரு சிற்றலை என வைத்து அங்கிருந்து முன்னேற வேண்டும். அலையெண் 10, வீச்சு பத்தில் ஒரு பங்கு என்றால் ஓரலகு தூரத்தில் விடையின் அளவு சுமார் 110. அலையெண் 100, வீச்சு நூறில் ஒரு பங்கு என்றாலோ அது 40 இலக்க எண்! கணக்கிடும் புள்ளிகளின் கட்டத்தை நுணுக்கினால் துல்லியம் கூடும் என்பது கணிப்பின் பொதுவிதி. இங்கே நுணுக்க நுணுக்க இன்னும் குறுகிய அலைகள் உள்ளே புகுந்து விடையை இன்னும் விரைவாகச் சிதறடிக்கும். பெரிய கணினி வாங்கிப் பயனில்லை.

‘போஸ்’ என்பதற்கு நேர்ச்சொல் ‘தொடுத்தல்’. வினாத் தொடுத்தல் என்கிறோமே. ஆனால் ‘நல்ல தொடுப்பு’ என்றால் ஊர் வேறு பொருள் கொள்ளும். ஆகவே ‘நன்கமைவு’ என்பதே என் தேர்வு, எதிர்ச்சொல் ‘குறையமைவு’. வரையறை தெளிவாக இருந்தும் அமைவு குறைபடலாம். மேலே கண்ட கணக்கே சான்று.

ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் நன்கமைவுக்கு 1952-இல் வழிகாட்டியவர் இவோன் ஷோக்கே-ப்ரூவா. அவர் கையாண்ட இசை ஆயங்களை (ஒவ்வோர் ஆயமும் அலைச் சமன்பாட்டுக்கு இணங்கும்படி தேர்ந்த ‘ஹார்மோனிக்’ ஆயங்கள்) விரித்தெடுத்துத்தான் 2005-இல் ஃப்ரான்ஸ் பிரிட்டோரியஸ் இரு கருந்துளைகள் சுற்றி இணைவதை முதன்முதலாகக் கணினியில் முழுமையாக நடத்திக் காட்டினார். ஈர்ப்போடு ஓர் அளவெண் புலத்தை (ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஓர் எண்ணால் குறிக்கப்படும் புலம்) காஸ்-போனே உறுப்பின் (வெளி-கால வளைவின் இருபடிகளால் ஆன உறுப்பு) வழியாகப் பிணைக்கும் கோட்பாட்டுக்கு அதே ஆயங்கள் கைகொடுக்கவில்லை. 2020-இல் ஆரோன் கோவாச்சும் ஹார்வி ரியலும் அவற்றைத் திருத்தி நன்கமைவை மீட்டனர். மறு ஆண்டே வில்லியம் ஈஸ்ட், ஜஸ்டின் ரிப்லி இருவரும் அந்த வழியில் கருந்துளை இணைவுகளைத் தோராயமாக்காத முழுச் சமன்பாடுகளைக் கொண்டே கணித்தனர்.

பிணைப்பு வலுக்குறைவாக இருக்கும்வரைதான் இந்த மீட்பு செல்லும். வலுத்தால், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் சமன்பாடு அலையின் இயல்பை இழந்து லாப்லாஸ் வகையாக மாறிவிடும். அந்தப் பகுதி, ஒளிகூட வெளியேற முடியாத கருந்துளையின் நிகழ்வெல்லைக்கு உள்ளேயே அடங்கியிருந்தால் வெட்டியெறிந்துவிட்டுத் தொடரலாம். வெளியே வந்துவிட்டால் கணக்கை அத்தோடு நிறுத்த வேண்டியதுதான்.