டீசன்ட்: பிழையில்லை, ஆனால் குறை உண்டு

பரந்தனில் இருக்கிற என் மருமகன், தங்கையின் மூத்தவன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். அந்த இடைவெளியில் 'டேஸ் கான்' என்ற வீடியோ கேமை முழுதாக ஆடி முடித்தான். "என்ன மாதிரி கேம்?" என்று கேட்டேன். "டீசன்ட் மாமா. ஆனா…" என்று இழுத்தவன், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அரை மணி நேரம் நிறுத்தவில்லை. சொன்னதை எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்பது அவன் ஆசை. எழுதத் தொடங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டான். டீசன்ட் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது?

"சுமார் எண்டு போடட்டோ மாமா?"

"சுமார் எண்டு போட்டா ஆர் அதை ஆடிப் பாப்பினம்?"

அவனுக்கு அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, சரியான சொல் என் கையிலும் இருக்கவில்லை. சில நாள் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் டீசன்ட் என்பது முதலில் ஆளுக்குரிய சொல். கலியாணம் பேசுகிற வீட்டில் 'டீசன்டான பெடியன்' என்றால் குடி வெறி இல்லாதவன், பெரியவர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தாதவன். 'டீசன்டா உடுத்துக்கொண்டு வா' என்றால் கோயிலுக்கோ கச்சேரிக்கோ போகிற மாதிரி உடுத்து என்று பொருள். கேம் விமர்சனத்தில் அதே சொல் வேறு பொருளில் வருகிறது. காசும் நேரமும் வீணில்லை, ஆனால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் ஒன்றுமில்லை.

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீனில் 'டெகேரே' என்றால் பொருந்துதல், தகுதல். அதிலிருந்து வந்த சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்றது என்றே பொருள்பட்டது. போதுமான அளவுக்கு நல்லது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டளவில் வந்து சேர்ந்தது. கலியாண வீட்டுக்கு நாங்கள் செய்கிற டெகரேஷனும் இதே குடும்பத்துச் சொல்தான். பொருந்தி வருவதே அழகு என்று அந்த மொழிக்காரர் நினைத்திருக்கிறார்கள். தமிழிலும் அப்படியே. தகு என்ற வேரிலிருந்து தக்கது, தகுதி, தகவு எல்லாம் வந்தன. அதே வேரில் பிறந்த தகை என்ற சொல்லுக்கு அழகு என்றும் பொருள் உண்டு. 114ஆம் குறளில் வள்ளுவர் தக்கார், தகவிலர் என்று ஆட்களைப் பிரிக்கிறாரே, அந்தத் தக்காரில் ஒருவன்தான் கலியாணப் பேச்சின் டீசன்டான பெடியன். வேரை மட்டும் பார்த்தால் டீசன்டுக்கு நேரான தமிழ் 'தக்கது'.

ஆனால் 'தக்க கேம்' என்று எழுதினால் எதற்குத் தக்கது என்ற கேள்விதான் வரும். வேர் சரி, வழக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கைக்கு முதலில் அகப்படுபவை சுமாரும் பரவாயில்லையும். இரண்டுக்கும் அடி பாரசீகம். 'ஷுமார்' அங்கே எண்ணிக்கை. 'சுமார் நூறு பேர்' என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் தெரிகிறது. கணக்கு அண்ணளவானது என்பதிலிருந்து தரம் அண்ணளவானது என்று நகர்ந்துதான் 'படம் சுமார்' வந்திருக்க வேண்டும். 'பர்வா' என்றால் கவலை, பொருட்படுத்தல். பரவாயில்லை என்பது, தந்த கடனைத் திருப்பித் தரப் பிந்தியவருக்கு நாங்கள் சொல்கிற சொல். ஒரு படைப்பைப் பார்த்து அப்படிச் சொன்னால் அதை மன்னித்துவிடுகிற மாதிரி இருக்கிறது. கடன் வாங்கிய சொற்கள் என்பதற்காக நான் இவற்றைத் தள்ளவில்லை. இரண்டிலும் மெச்சல் என்பது ஒரு துளியும் இல்லை. டீசன்ட் என்று சொன்னபோது மருமகனின் முகத்தில் மெச்சல் இருந்தது.

மீடியோக்கர் என்ற சொல்லையும் இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. அதன் இலத்தீன் அடியைப் பிரித்தால், கரடுமுரடான மலையில் பாதி உயரம் என்று வரும். அதற்கு இடைத்தரம் என்ற தமிழ் போதும். நாலடியார் நட்பைத் தலை, இடை, கடை என்று பிரித்துப் பனைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் ஒப்பிடுகிறது. இடைவிட்டு இடைவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தென்னைதான் இடை. இடைத்தரமான கேமில் எல்லாமே பாதி உயரத்தில் நிற்கும். டீசன்ட் கேம் அப்படியல்ல. அதில் சில இடங்கள் உச்சியைத் தொடும், சில இடங்கள் அடிவாரத்திலேயே கிடக்கும்.

எண்ணில் சொன்னால் இந்த வேறுபாடு முழுக்க அழிந்துபோகிறது. டேஸ் கான் 2019 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக்கில் அதற்கு 71. மஞ்சள் பெட்டி, 'கலவையானது அல்லது சராசரி' என்ற முத்திரை. அதே 71ஐ ஒரு திரைப்படம் வாங்கியிருந்தால் பச்சைப் பெட்டி கிடைத்திருக்கும். அங்கே படத்துக்குப் பச்சை 61இல் தொடங்குகிறது, கேமுக்கு 75இல். எங்கள் சாதாரண தரப் பரீட்சையில் 71 எடுத்த பிள்ளைக்கு 'பி', 75 எடுத்தால் 'ஏ'. 'பி' எடுத்த பிள்ளையை எந்தத் தாயும் சராசரி என்று சொல்லக் கேட்டதில்லை. பத்துக்கு ஏழு என்று விமர்சகர் மனமாரக் கொடுத்தாலும், வாசிக்கிறவர் காதில் அது 'வேண்டாம்' என்று விழுகிறது.

கலவை என்ற முத்திரையும் இதற்குச் சரிவராது. 2010இல் வந்த 'டெட்லி பிரமோனிஷன்' கேமுக்கு ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் பத்துக்கு 2 கொடுத்தது, டெஸ்ட்ரக்டாய்ட் என்ற இன்னொரு தளம் 10 கொடுத்தது. கூட்டிப் பிரித்தால் நடுவில் ஒரு எண் வரும். அந்த எண் இருவரில் ஒருவருடைய தீர்ப்பும் அல்ல.

எண்ணுக்குப் பின்னால் வயிற்றுப்பாடும் இருக்கிறது. அதே 2010இல் அப்சிடியன் நிறுவனம் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமைச் செய்தது. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால்தான் வெளியீட்டாளரிடமிருந்து ஊக்கத்தொகை, வந்தது 84 என்று அதில் பணியாற்றிய கிறிஸ் அவெல்லோன் 2012இல் பொதுவெளியில் சொன்னார். ஒரே ஒரு புள்ளி. வெளியான நாட்களில் அந்தக் கேம் பிழைகளால் திணறியது உண்மை. அதன் எழுத்தை இன்றைக்கும் மெச்சிப் பேசுகிறார்கள் என்பதும் உண்மை.

சரி, தமிழுக்கு வருவோம். தேடிய சொல் வீட்டு முற்றத்திலேயே கிடந்தது. வன்னியில் களத்தில் நெல்லை அள்ளிப் பார்க்கிற வியாபாரியும், புது வீட்டைச் சுற்றிப் பார்க்கிற விருந்தாளியும் சொல்கிற சொல்: 'பிழையில்லை.' திறம் என்றால் மிக நல்லது. நல்லம் அதற்கு ஒரு படி கீழே. அதற்கும் கீழே, ஆனால் மதிப்போடு நிற்பது பிழையில்லை. சொல்கிறவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், சோதித்திருக்கிறார், அதன் பிறகுதான் சொல்கிறார் என்பது அதில் அடக்கம். சுமாரில் அது கிடையாது.

பிழை என்ற சொல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. குறி பிழைத்தது என்றால் இலக்குத் தவறியது. ஆள் பிழைத்தான் என்றால் உயிர் தப்பினான். தப்பு என்ற சொல்லும் அப்படித்தான், தவறும் அதுவே, உயிர் மீளலும் அதுவே. குறி தப்பினால்தான் ஆள் தப்புவான் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் 'பிழையில்லை' டீசன்டின் பாதிதான். மருமகனின் 'ஆனா'வுக்கும் ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் குறை. பிழையையும் குறையையும் ஒன்றாக எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. குளத்தின் துருசுக் கதவு பழுதானால் அது பிழை. ஆட்களைக் கூப்பிட்டுத் திருத்தலாம். துருசு, அணைக்கட்டு, வான்கதவு எல்லாம் ஒழுங்காக இருந்தும் குளத்தில் தண்ணீர் போதாவிட்டால் அது குறை. அதை எந்த மேசனாலும் திருத்த முடியாது. பிழை என்பது தவறியது, குறை என்பது போதாதது.

'ஃப்ளா' என்ற ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. அதன் மூலம் ஸ்காண்டிநேவியப் பக்கத்துப் பழஞ்சொல் என்பார்கள். கல்லிலிருந்து பெயர்ந்த சில்லு, பிறகு கல்லில் விழுந்த விரிசல், அதிலிருந்து எந்தக் குற்றத்துக்கும் பொதுப்பெயர். எங்களிடமும் கல்லின் குற்றத்துக்குச் சொல் உண்டு, ஒன்றல்ல, பல. சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது வயிரத்துக்கு ஆகாதவை என்று காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நாலைச் சொல்கிறது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. குற்றமுள்ள கல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், எந்தக் குற்றம் என்று பேர் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். கேமைப் பற்றி எழுதுகிறவரும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

டேஸ் கானை இந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். வெளியான நாட்களில் அது அடிக்கடி தடுமாறியது, சொன்னபடி இயங்கவில்லை. அவை பிழைகள், கணினித் தமிழில் வழு என்பார்களே, அது. அடுத்தடுத்து வந்த திருத்தங்களில் பெரும்பாலும் போய்விட்டன. 2021 மே மாதம் கணினிக்கு வந்த பதிப்பைத்தான் மருமகன் ஆடினான், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அதை வாங்கி ஆடியவர்கள் மிகவும் சாதகமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதை சூடு பிடிக்கப் பல மணி நேரம் ஆகிறது, கொடுக்கிற வேலைகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கின்றன. இவை குறைகள். எந்தத் திருத்தமும் இவற்றை நிரப்பவில்லை. 71 என்ற எண்ணோ முதல் நாட்களின் பிழையையும் இன்றுள்ள குறையையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு அப்படியே நிற்கிறது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு 'வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' என்ற கேம். 2004 நவம்பர் 16, 'ஹாஃப்-லைஃப் 2' என்ற பேர்பெற்ற கேம் வெளியான அதே நாளில் வந்தது, பிழைகள் மலிந்து வந்தது. செய்த ட்ரொய்க்கா நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதன் பிறகு ரசிகர்களே ஆண்டுக்கணக்காகத் திருத்தம் போட்டுப் பிழைகளைக் களைந்தார்கள். பேச்சும் ஊரும் பாத்திரங்களும் திறம். கடைசிப் பகுதி அவசரமாக முடித்த மாதிரி மெலிந்து கிடக்கிறது, அந்தக் குறை அப்படியே இருக்கிறது. பிழை போனபின் குறை எது என்று துலக்கமாகத் தெரிகிறது.

ஆகவே என் முடிவு இது. ஆளைச் சொல்லும் டீசன்டுக்குத் தக்க, தகவான. எல்லாம் பாதியில் நிற்கிற மீடியோக்கருக்கு இடைத்தரம். நல்லதும் குறையும் சேர்ந்து கிடக்கிற கேமுக்கு 'பிழையில்லை, ஆனால் குறை உண்டு', அப்புறம் அந்தக் குறையின் பேர். பிழை இன்னும் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லி, திருத்தம் வந்ததும் அழித்துவிடலாம். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் வரவில்லையே என்று கேட்கலாம். வரவில்லைதான். மருமகனும் டீசன்ட் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தவில்லையே.

அவன் அப்படியே எழுதிக்கொண்டு வந்து காட்டினான். குறைகளின் வரிசையில் மூன்றாவதாக எரிபொருளைப் போட்டிருந்தான். இந்தக் கேமில் நாயகனின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கடி தீர்ந்துபோகும், தேடித் தேடி ஊற்ற வேண்டும். அது தொல்லை என்று அவன் எழுதியிருந்தான். அதை எடுக்கச் சொன்னேன். 90களில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. எவ்வளவு தூரம் போகலாம், திரும்பி வரக் காணுமா என்று கணக்குப் பார்த்தே ஏறினோம். அந்தக் கேமில் எனக்கு மெய்யாகத் தோன்றிய இடம் அதுதான் என்றேன்.

"2022இல அம்மாவோட பெற்றோல் செட்டில விடிய விடிய நிண்டனான் மாமா. கேமிலயும் நிக்கோணுமோ?" என்றான்.

எனக்கு மெய்யாகத் தோன்றியது அவனுக்கு அலுப்பாக இருந்திருக்கிறது. அது அவன் எழுதுகிற தீர்ப்பு. அந்த வரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.