முட்டை இளைக்க வேண்டும்: வீட்டு இன்குபேட்டருக்குள் நடக்கும் 21 நாள் வேலை

ஒரு தெர்மோகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவிடும் ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் (சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்). இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே இன்குபேட்டர், அதாவது அடைக்கோழி இல்லாமல் முட்டை பொரிக்கும் பெட்டி, செய்துவிடலாம். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் நிறையப் பேர் செய்துமிருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசினால் பேச்சு பெரும்பாலும் சூட்டைச் சுற்றியே போகும். 37.5 வைப்பதா, 38 வைப்பதா, 40 வாட் பல்பா, 60 வாட்டா என்று. உண்மையில் சூடுதான் இதில் சுலபமான பகுதி. அந்த 21 நாளில் முட்டையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 18ஆம் நாள் லைட் அடித்துப் பார்த்தால் உள்ளே அசைகிற குஞ்சு, 22ஆம் நாள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

அதற்கு வருமுன், இன்குபேட்டருக்குள் போவதற்கு முன்பே முட்டைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிகளோடு சேவல் விடுவதில்லை, அதனால் அந்த முட்டையில் கரு கிடையாது. எத்தனை நாள் வைத்தாலும் கூமுட்டைதான். நாட்டுக்கோழிக்கு வேறு கதை. சேவல் சேர்ந்த பிறகு விந்தணுக்களைப் பெட்டைக்கோழி தன் உடலுக்குள் நுண்ணிய குழாய்களில் சேமித்து வைத்துக்கொள்ளும். சேவலை விற்றுவிட்ட பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை கருவுள்ள முட்டை கிடைப்பது இதனால்தான்.

முட்டை கோழியின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள், 41 டிகிரி சூட்டில் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அந்த நேரத்திலேயே கரு பிரிந்து வளரத் தொடங்கி, முட்டை கூட்டில் விழும்போது பல ஆயிரம் செல்கள் ஆகியிருக்கும். பிறகு முட்டை ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடும். 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரு தூங்கும். கோழி இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள், அவயம் (அடை) வைத்த பிறகு எல்லாம் ஒரே நாளில் பொரிவது இந்தத் தூக்கத்தின் தயவால்தான்.

நம் ஊர் வெயில் கெடுப்பது இந்த இடத்தை. மே மாதத்தில் அறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கரு தூங்கவும் முடியாது, ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து பலவீனமாகி, இன்குபேட்டருக்குள் போன இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பழி மெஷின் மேல் விழும். சேகரிக்கிற முட்டைகளை 15 முதல் 18 டிகிரியில் வைப்பதுதான் சரி. வீட்டில் அது கஷ்டம் என்றால், ஈரமணலுக்கு மேல் வைத்த மண்பானை ஓரளவு உதவும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டு 4, 5 டிகிரி. அது இந்த வேலைக்கு மிகவும் குளிர்ச்சி. எப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் அடை போட்டுவிடுவது நல்லது. அழுக்காக இருக்கிறதே என்று கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கோழியே பூசி அனுப்பிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அது கரைந்தால் துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

சரி, சூட்டுக்கு வருவோம். ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி. ஃபேன் இல்லாவிட்டால் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் தங்கிவிடும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி அருகே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்குமே, அது சரியாக இந்த எல்லையில் துல்லியமாக அளக்கச் செய்யப்பட்ட கருவி. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

பல்பு அணைந்து எரியும்போது காற்றின் சூடு அரை டிகிரி ஏறி இறங்கினால் பதற வேண்டியதில்லை. முட்டைக்குள் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். அது மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அடைக்கோழியே தினமும் கொஞ்ச நேரம் எழுந்து இரை தின்னப் போய்வருகிறதே. ஆக, அரை மணி நேரம் கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போட்டால் போதும். குளிர்ச்சியைக் கரு பொறுத்துக்கொள்ளும். பொரிவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதிகச் சூட்டைத் தாங்காது. பல்பு அணையாமல் மாட்டிக்கொண்டு 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் ஓடினால் மொத்தமும் போய்விடலாம்.

இன்னொன்றும் உண்டு. முதல் பத்து நாள் முட்டைகள் சூட்டை வாங்கும். அதன் பிறகு கருவே வெப்பத்தை வெளியிடத் தொடங்கும். பெட்டி நிறைய முட்டை அடுக்கியிருந்தால் கடைசி வாரத்தில் பல்பு எரியும் நேரம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எகிப்தில் தெர்மாமீட்டர் இல்லாத காலத்திலேயே மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். மனிதத் தோலால் முடிந்த வேலை என்றால், சூடு அவ்வளவு பெரிய மர்மமில்லை என்றுதானே அர்த்தம்!

தண்ணீர் விஷயம் அப்படியில்லை. 60 கிராம் முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. 21 நாளில் அவற்றின் வழியாக உள்ளே போகும் ஆக்சிஜன் சுமார் 6 லிட்டர். வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு 4.5 லிட்டர், நீராவி 11 லிட்டர். அந்த நீராவியைத் தண்ணீராக எடை போட்டால் 9 கிராம் வரும். குஞ்சு வளர்வதற்கான எரிபொருள் மஞ்சள் கருவின் கொழுப்பு. கொழுப்பு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். அது வெளியே போகாவிட்டால் குஞ்சு தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். அப்படிப் போகிற தண்ணீரின் இடத்தில்தான் முட்டையின் மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகிக்கொண்டே வருகிறது. குஞ்சின் முதல் மூச்சு அந்த அறையில் இருக்கும் காற்றில்தான். அறை சிறிதாக இருந்தால் முதல் மூச்சுக்கே இடமில்லை. ரொம்பவும் காய்ந்துவிட்டாலோ, உட்சவ்வு தடித்து உலர்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு திரும்பவே விடாது.

18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 சதவீதம் இளைக்க வேண்டும். ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே போகலாம். அதற்காகத்தான் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் என்று சொல்கிறார்கள். இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதற்காகப் பெட்டிக்குள் கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. காற்று சூடானால் அதே நீராவிக்கு ஈரப்பதச் சதவீதம் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்து இன்குபேட்டருக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே உள்ளே 49 சதவீதம் வந்துவிடும். காற்று காய்ந்திருக்கும் நாளில் கரூரிலோ திருச்சியிலோ 33 டிகிரி, 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெட்டிக்குள் 31 சதவீதம்தான். ஆக, கடலோர ஊர்க்காரர் மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம் தண்ணீர் வைத்தால் முட்டை இளைக்காமல் குஞ்சு மூழ்கும். உள்மாவட்டக்காரர் ஒரு சின்ன மூடியில் வைத்துவிட்டு மறந்தால் காய்ந்து சாகும். யூடியூபில் ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் அப்படியே பின்பற்றி ஏமாறுவது இப்படித்தான்.

மலிவான ஈரப்பத மீட்டர்களும் பத்து சதவீதம் வரை பொய் சொல்லும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாமல் கூழாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவுக்குள் இறுக்கி மூடி, சில மணி நேரம் விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 68 காட்டினால் 7 குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மீட்டரைவிட நல்லது சமையலறைத் தராசு. 45 கிராம் எடையுள்ள பத்து நாட்டுக்கோழி முட்டை 450 கிராம். 7ஆம் நாள் 429 கிராம் அளவிலும் 18ஆம் நாள் 396 கிராம் அளவிலும் இருந்தால் எல்லாம் சரி. 7ஆம் நாளில் 440 இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், 420க்குக் கீழே போனால் கூட்டுங்கள். முட்டையையே கேட்டுவிடுவதால் ஊர், பருவம், மீட்டர் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. ஈரப்பதம் ஏறட்டும் என்று பெட்டியின் காற்றுத் துளைகளை அடைப்பது மட்டும் கூடவே கூடாது. கடைசி வாரத்தில்தான் குஞ்சுகளுக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும்.

முட்டையைத் திருப்புவது ஏன் என்று பலருக்கும் தெரியும். மஞ்சள் கரு வெண்கருவைவிட எடை குறைந்தது, மேலே மிதக்கும். கரு அதன் உச்சியில் இருக்கும். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு காரணமும் இருக்கிறது: மூச்சு விட உதவும் ரத்தக்குழாய் வலை ஓட்டின் உட்புறம் முழுக்கப் படர்வதற்கும் இந்த அசைவு தேவை. அந்த வலைதான் பின்னால் ஓட்டிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக் குஞ்சின் எலும்புக்குக் கொண்டுபோகிறது. கையால் திருப்புகிறவர்கள் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவு முழுக்க ஒரே பக்கம் மேலே இருப்பது ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே வரும். 18ஆம் நாளோடு நிறுத்திவிடலாம்.

ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் லைட்டை மழுங்கிய முனையில் வைத்தால், நல்ல முட்டையில் கால் விரித்த சிலந்தி மாதிரி ரத்தக்குழாய்கள் தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி லேசாக ஆடும். எதுவும் இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் கருவில்லாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் தொடங்கி இறந்த கரு. இவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகி வெடித்துப் பெட்டியே நாறும்.

அடைக்கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயம். இன்குபேட்டருக்குள்ளும் இரும்பு போடுகிறவர்கள் உண்டு. இடிச் சத்தத்தைவிட, இடி இடிக்கும் இரவில் போகிற கரண்ட்தான் முட்டைக்கு எதிரி என்பது என் கட்சி. கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும் சரியில்லை. ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி தரும் குரோமோசோமில் முட்டை உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கோ பெட்டியின் சூட்டுக்கோ அதில் வேலையில்லை.

கடைசி மூன்று நாளில் விதி தலைகீழாகும். இதுவரை முட்டை உலர வேண்டும் என்று பாடுபட்டோம். இப்போது ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். 19, 20ஆம் நாளில் குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் தலையை நுழைத்து நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். காதருகே வைத்தால் சத்தம் கேட்கும். அந்தக் காற்று சீக்கிரம் போதாமல் போய், கார்பன் டை ஆக்சைடு ஏறும். அதில் கழுத்துத் தசை வெட்டி வெட்டி இழுக்க, அலகு நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மாதிரியான கடினமான முளை ஓட்டை உள்ளிருந்து குத்தும். முதல் விரிசல் விழும்.

அப்புறம் எதுவுமே நடக்காது. பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும். பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பொறுமை இங்கேதான் போகும். ஓட்டைப் பிரித்து உதவலாமா என்று கை துறுதுறுக்கும். உள்ளே அந்த நேரத்தில் சவ்வில் இருக்கும் ரத்தம் உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் பிரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடியிருக்காது. மூடியைத் திறந்து பார்ப்பதே ஆபத்துதான். ஈரமான காற்று ஒரே வீச்சில் வெளியேறி, விரிசல் விட்ட முட்டைகளின் சவ்வு உலர்ந்து இறுகிவிடும். வேலை முடிந்ததும் குஞ்சு தானாகச் சுழன்று ஓட்டை வட்டமாக வெட்டி உதைத்துக்கொண்டு வெளியே வரும்.

வந்த குஞ்சுகளை உடனே எடுக்க வேண்டியதில்லை. உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைத் தீனியில்லாமல் அட்டைப்பெட்டியில் அடுத்த ஊருக்கு அனுப்ப முடிவது அதனால்தான். உலர்ந்து பஞ்சு மாதிரி ஆகட்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

22, 23ஆம் நாளும் பொரியாத முட்டைகளைத் தூக்கி எறியாமல் உடைத்துப் பாருங்கள், மனசு கேட்டால். அடுத்த முறைக்கான தகவல் அதில்தான் இருக்கிறது. முழுதாக வளர்ந்த குஞ்சு, சுற்றிலும் பிசுபிசுப்பு, சின்னக் காற்றறை என்றால் ஈரம் கூடிவிட்டது. சவ்வு காகிதமாக ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு. பொரிந்தவையும் 20ஆம் நாளுக்கு முன்பே அவசரமாக வந்து, தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22ஆம் நாளுக்குப் பிறகு பெருத்த வயிற்றோடு சோம்பலாக வந்தால் சூடு குறைவு. நிறைய முட்டைகளில் முதல் மூன்று நாளிலேயே வளர்ச்சி நின்றிருந்தால் இன்குபேட்டரைத் திட்டுவதற்கு முன், முட்டைகளை எங்கே, எத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள்.