கர்ப்பம் முதல் குழந்தையின் முதல் வயது வரை: தொற்று வராமல் தடுக்க அரசு இலவசமாகத் தருவது என்ன, எதை எப்போது கேட்டு வாங்க வேண்டும்

கர்ப்பிணிகளுக்கான அரசுத் திட்டம் என்றாலே எத்தனை தவணை, எவ்வளவு பணம், எப்போது கணக்கில் ஏறும் என்றுதான் பேச்சு போகிறது. அதுவும் தேவைதான், தப்பே இல்லை. ஆனால் அதே அட்டையில், அதே பதிவு எண்ணில், கையில் காசாக வராத இன்னொரு பங்கும் உங்களுக்கு இருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் தொற்று வராமல் தடுக்கும் ஊசிகள், ரத்தப் பரிசோதனைகள், மருந்துகள் எல்லாம் அதில் அடங்கும், எல்லாமே இலவசம். பணத் தவணை தாமதமானால் இரண்டு மாதம் கழித்துக்கூட வாங்கிக்கொள்ளலாம். இங்கே சிலவற்றுக்குக் கெடு 24 மணி நேரம்தான், அது தாண்டிவிட்டால் பிறகு எத்தனை முறை அலைந்தாலும் அதே பலன் கிடைக்காது. அதனால் எது இலவசம் என்பதோடு எதை எப்போது கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பதிவு. கர்ப்பம் என்று தெரிந்ததும், 12 வாரத்துக்குள், பக்கத்தில் உள்ள துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்துவிடுங்கள். கிராமம் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும், நகரத்தில் நகர்ப்புற சுகாதார நிலையம். ஆர்.சி.எச். எண் ஒன்று தருவார்கள் (தமிழ்நாட்டில் பிக்மி எண் என்றுதான் பலரும் சொல்கிறார்கள்), கூடவே தாய் சேய் நல அட்டையும் வரும். தனியார் மருத்துவமனையில் பார்க்கிறவர்களும் இந்தப் பதிவைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். தடுப்பூசிக்கும் நான் கீழே சொல்லும் பரிசோதனைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது, ரேஷன் கார்டு என்ன நிறம் என்று யாரும் கேட்கக் கூடாது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வேறு மாவட்டம் போனாலும் உரிமை கூடவே வரும். அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், ஏனென்றால் எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்பது அங்கே இருக்கும் செவிலியருக்கு அதைப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து டெட்டனஸ் ஊசி. 2019 வாக்கில் இருந்து இதோடு தொண்டை அடைப்பானுக்கான தடுப்பும் சேர்ந்தே வருகிறது, ஊசி ஒன்றுதான். பதிந்தவுடன் முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. கடந்த மூன்று ஆண்டுக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டிருந்தால் இந்த முறை ஒரே ஒரு பூஸ்டர் போதும், அதற்கும் பழைய அட்டைதான் சாட்சி. இந்த ஊசி தாய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த முதல் வாரங்களில் அதைக் காக்கிறது. பிறந்த இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, அப்புறம் வாயைத் திறக்க முடியாமல், உடம்பு விறைத்து இறந்துபோவதை நம் பாட்டிகள் காலத்தில் எத்தனையோ வீடுகள் பார்த்திருக்கின்றன. அதுதான் தொப்புள்கொடி வழியாக நுழையும் டெட்டனஸ். இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் அது அரிதாகி, 2015-இல் இந்தியா தாய்-சேய் டெட்டனஸை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் கிருமி மண்ணில்தான் வாழ்கிறது, எங்கும் போய்விடவில்லை. அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்குப் பார்த்துப் போட்டே ஆக வேண்டும்.

இப்போது ரத்தப் பரிசோதனைகள். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, சிறுநீர் எல்லாம் எடுப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அறிகுறியே இல்லாத சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிக் குறைமாதப் பிரசவத்தில் முடியலாம். எனவே அதையும் கொடுத்துவிட்டு வாருங்கள். இவற்றோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் (உடலுறவு வழியாகப் பரவும் ஒரு தொற்று), ஹெபடைட்டிஸ் பி என்ற மூன்று பரிசோதனைகள் இருக்கின்றன. மூன்றுமே தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியவை, மூன்றையும் சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுத்துவிட முடியும், மூன்றுக்கும் அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். "எனக்கு எதற்கு இந்த டெஸ்ட்" என்று சில பெண்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, சில வீடுகளில் மாமியாருக்குக் கோபமே வருகிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டும். யார் மீதும் சந்தேகப்பட்டு எடுப்பதல்ல இது.

எச்.ஐ.வி.யில் இருந்து தொடங்குகிறேன். சிகிச்சை இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றும் சேர்த்து 15 முதல் 45 சதவீதம் வரை குழந்தைக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. சிகிச்சை எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. 2014 முதல், தொற்று உறுதியான கர்ப்பிணி எல்லோருக்கும், நோய் எந்த நிலையில் இருந்தாலும், வாழ்நாள் முழுக்க இலவச மாத்திரை என்பதுதான் தேசிய விதி. குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பு சிரப் தொடங்குவார்கள், ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, 18 மாதத்தில் இறுதிப் பரிசோதனை. தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வளர்க்கலாம் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. கர்ப்ப காலத்தில் பரிசோதனையே செய்யாமல் வலியோடு நேராகப் பிரசவ அறைக்கு வந்தாலும் அங்கேயே உடனடிச் சோதனை உண்டு. பரிசோதனை முடிவு வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருப்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: 2017-இல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை மற்றவர்களிடம் சொல்லக் கூடாது, தொற்று இருக்கிறது என்பதற்காகப் பிரசவம் பார்க்க மறுக்கவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) தனியாக உட்கார்ந்து பேசலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

சிபிலிஸுக்கு மருந்து பழைய பென்சிலின் ஊசிதான், விலையும் குறைவு, வேலையும் செய்கிறது. கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிழைத்தாலும் எலும்பு, கண், மூளை என்று பாதிப்போடு பிறக்கலாம். இதில் நேரம் எங்கே வருகிறது என்றால், பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பாவது அந்த ஊசி போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் சிகிச்சை கிடைத்ததாகக் கணக்கு. ஒன்பதாம் மாதம்தான் முதல் பரிசோதனை என்றால் அந்த 30 நாள் கையில் இருக்காது. முதல் மூன்று மாதத்துக்குள் பதியச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். கணவருக்கும் பரிசோதனை, சிகிச்சை இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் தொற்றிக்கொள்ளும்.

ஹெபடைட்டிஸ் பி-தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ், பெரும்பாலும் தாய்க்கே தெரியாமல் உடம்பில் இருக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் அநேகம் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். பிரசவ நேரத்தில் தொற்றும் குழந்தைகளிலோ 10-இல் 9 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, வளர்ந்த பிறகு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். தடுக்கும் வழி மிக எளிது: பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, இடது தொடையில் அரை மில்லி. தாய்க்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் குழந்தைக்கும் இது உண்டு. தாய்க்குத் தொற்று உறுதியாகி இருந்தால் இதோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் குழந்தைக்குப் போட வேண்டும். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதுவும் இலவசம்தான், ஆனால் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. அதனால் முடிவு பாசிட்டிவ் என்றால் அந்த ஊசி உள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் என்று எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இந்த 24 மணி நேர ஊசி எப்படித் தவறுகிறது என்று பார்த்தால் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு பிறந்திருக்கும், தடுப்பூசிப் பிரிவு பூட்டியிருக்கும். அல்லது "புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு பி.சி.ஜி.யோடு (காசநோய்த் தடுப்பூசி) சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பி.சி.ஜி.யில் ஓரளவு நியாயம் இருக்கிறது, அந்தக் குப்பியைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும், ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், அதனால் சிறிய மையங்களில் குழந்தைகள் சேரட்டும் என்று காத்திருப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி குப்பிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒருமுறை திறந்ததை முறையாகக் குளிர்பதனத்தில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசின் விதி. ஆகவே உங்கள் ஒரு குழந்தைக்காக அதைத் திறந்தால் மருந்து வீணாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. "சிஸ்டர், மத்த ஊசி புதன்கிழமை போட்டுக்கறோம், ஹெபடைட்டிஸ் பி மட்டும் இன்னைக்கே போட்டுடுங்க" என்று பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். பிரசவித்தவருக்கு எழுந்து போய்க் கேட்கும் தெம்பு இருக்காது, கூட இருக்கும் அம்மாவோ கணவரோ அக்காவோ இதை மனதில் வைத்திருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள், அட்டையில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

பிறந்தவுடன் வாயில் விடும் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாள் கெடு. பி.சி.ஜி. இடது கை மேல்பக்கம், கூடிய சீக்கிரம். அப்புறம் 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு, போலியோ சொட்டு, இடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி, போலியோ ஊசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. அட்டையிலேயே தேதி போட்டுத் தருவார்கள், அதைப் பார்த்து நடந்தால் போதும். நிமோகாக்கல் ஊசிக்குத் தனியாரில் பெரிய தொகை ஆகிறது, அரசு நிலையத்தில் அதே பாதுகாப்பு இலவசம் என்பது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

பிரசவத்துக்கு வருவோம். 2011 ஜூன் 1-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, கையுறை முதல் தையல் நூல் வரையிலான பொருட்கள், பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எதற்கும் காசு கிடையாது. கர்ப்ப காலச் சிக்கல்களும் நோயுற்ற ஒரு வயது வரையிலான குழந்தையின் சிகிச்சையும் பின்னர் சேர்க்கப்பட்டன. தொற்று விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்றால், காய்ச்சலோடு வரும் பச்சிளம் குழந்தைக்கு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் வெளியே வாங்கி வரச் சொன்னால் அதை மறுத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பணம் கேட்டாலோ மருந்து வெளியே எழுதிக் கொடுத்தாலோ மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். அவசரத்துக்கு 108.

வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் உரிமை முடிவதில்லை. 3, 7, 14, 21, 28, 42-ஆவது நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும். வராவிட்டால் நீங்களே அழைத்துக் கேளுங்கள். தொப்புள்கொடியில் எண்ணெய், பவுடர், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும். குழந்தையைத் தூக்கும் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், பெரியவர்கள் மனம் புண்படுமே என்று பார்க்காதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ சில்லிட்டாலோ, தட்டி எழுப்பினால்தான் அசைகிறது என்றாலோ காலை வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். பச்சிளம் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று ஏறினால் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். தாய்க்கும் அப்படித்தான்: பிரசவமான ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றமடிக்கும் வெளியேற்றம், தையலில் சீழ், எது வந்தாலும் "பிள்ளை பெத்த உடம்பு" என்று வீட்டிலேயே சமாளிக்க வேண்டாம்.

இலவசப் பட்டியலில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கான ஃப்ளூ ஊசியும் கக்குவான் இருமலுக்கான ஊசியும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ரூபெல்லா ஊசியைக் கர்ப்ப காலத்தில் போடவே கூடாது, கல்யாணத்துக்கு முன்போ கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்போ போட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் நடந்த தட்டம்மை-ரூபெல்லா முகாமில் 15 வயது வரை உள்ளவர்களுக்குப் போட்டார்கள், அப்போது போட்டுக்கொண்ட பெண்கள்தான் இப்போது தாயாகிக்கொண்டிருக்கிறார்கள்.

தேதி தவறிவிட்டது என்று வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருக்காதீர்கள், அதுதான் இன்னும் பெரிய இழப்பு. முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடருவார்கள். பி.சி.ஜி.யை ஒரு வயது வரை போடலாம், பென்டாவேலன்ட்டையும் ரோட்டாவையும் ஒரு வயதுக்குள் தொடங்கிவிட்டால் மீதித் தவணைகளை முடித்துவிடலாம், தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரைகூட உண்டு. லேசான சளி, இருமல் இருந்தாலும் ஊசி போடலாம். அட்டை தொலைந்திருந்தால் ஆர்.சி.எச். எண்ணைச் சொல்லுங்கள், அதுவும் நினைவில்லை என்றால் பதிந்தபோது கொடுத்த கைபேசி எண்ணைச் சொல்லுங்கள், பதிவேட்டில் தேடிப் பார்த்துப் புது அட்டை எழுதித் தருவார்கள்.