பருத்தி நூலில் ஒரு சடை

மகளுக்குப் பகல் முழுக்க ஏசி அறையில் வேலை. வெளியே வந்தால் வேக்காடு. இரண்டுக்கும் ஒத்துவரட்டும் என்று மெல்லிய பருத்தி நூலில், முன்பக்கம் சடைபோல் பின்னல் ஓடும் கார்டிகன் (முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர்) ஒன்றைக் காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து பின்னினேன். நாலு சலவைக்குள் அது ஒரு சாண் நீண்டு தொங்கிவிட்டது. ஏன் என்று தேடியபோதுதான் நூல் எப்படி வேலை செய்கிறது என்பதே புரிந்தது.

எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலையை, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதை, நேராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அதிகம் நீளாது. நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஏறக்குறைய நேராக ஓடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. நீள்வதற்கு அங்கே உபரி நூல் இல்லை. ஊசிப் பின்னல் (நிட்டிங்) அப்படி இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒவ்வொரு கண்ணியும் கீழ்வரிசைக் கண்ணிக்குள்ளிருந்து எழும்புகிறது. இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளைவுதான் நிமிர்கிறது. அகலத்தில் இருந்த நூல் உயரத்துக்குப் போய்விடும்.

இப்போது சடைக்கு வருவோம். தலைமுடியில் என்ன செய்கிறோம்? முடியை மூன்று கால்களாகப் பிரித்து, வலது காலை நடுக்கால் மேல் போடுகிறோம், அப்புறம் இடது காலை நடுக்கால் மேல். ஊசியிலும் அதேதான். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றை ஒரு குட்டி ஊசியில் ஒதுக்கி வைத்து, அடுத்த மூன்றை முதலில் பின்னி, ஒதுக்கியவற்றைப் பிறகு பின்ன வேண்டும். வரிசை இடம் மாறியது, அவ்வளவுதான். நூலை எங்கும் வெட்டவில்லை, முடிச்சும் போடவில்லை. குட்டி ஊசி துணிக்கு முன்னால் நின்றால் மேலே தெரியும் கால் இடப்பக்கம் சாயும்; பின்னால் நின்றால் வலப்பக்கம். ஒன்பது கண்ணிகள் எடுத்து, முதல் ஆறில் ஒருமுறை பின்னால் விட்டும், சில வரிசை கழித்துக் கடைசி ஆறில் முன்னால் விட்டும் மாற்றினால் அசல் மூன்றுகால் சடை. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

சடை நிட் கண்ணிகளால் ஆனது. அது புடைத்துத் தெரிவதற்கு அதன் இருபுறமும் இருக்கும் பர்ல் கண்ணிகளும் காரணம். நிட், பர்ல் இரண்டும் ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது துணி அந்த இடத்தில் மடங்கி, நிட் முன்னே வரும், பர்ல் பள்ளத்தில் இறங்கும்.

ஆனால் மாற்றிப் போட்ட இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. ஆறு கண்ணிகள் மூன்றின் இடத்துக்குள் நெருக்கிக்கொள்வதால் துணி உள்ளே சுருங்கும். அதே அகலம் வேண்டுமென்றால் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். நூல் கூடும், எடையும் கூடும். கம்பளி இதைத் தாங்கும். அதன் இழை இயல்பிலேயே நெளிநெளியாக இருப்பதால் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்தி இழைக்கு அந்தத் துள்ளல் குறைவு. கண்ணி நீண்டால் நீண்டதுதான். என் கார்டிகன் தொங்கியதற்குக் காரணம் இதுவே. உடல் முழுக்கச் சடை போட்டிருந்தேன்.

இரண்டாவது முறை சடையை முன்பட்டியின் ஓரத்தில் மட்டும் வைத்தேன், ஆறுக்குப் பதில் நாலு கண்ணிகளில், பத்து வரிசைக்கு ஒரு மாற்றம். தோளில் தையல் விட்டேன். பின்னாத அந்தத் தையல்கோடு நீளாது, முழு எடையையும் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. மீதி இடமெல்லாம் பருமனான ஊசியில் தளர்வான கண்ணிகள்.

தளர்வு காற்றுக்காக. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஏசி அறையில் கண்ணிகளுக்குள் காற்று தங்கி இதமாக இருக்கும். ஃபேன் அடியிலோ வேர்க்கும் தெருவிலோ அதே ஓட்டைகள் வழியாகக் காற்று ஓடி, பருத்தி உறிஞ்சிய வேர்வையை உலர்த்தும். முகப்பிலிருந்து பின்கட்டுவரை எங்கள் வீடுகளின் வாசல்கள் நேர்கோட்டில் திறந்திருப்பதும் இந்த ஓட்டத்துக்கு உதவுகிறது.

துவைத்ததைக் கொடியில் போடாதீர்கள். ஈரப் பருத்தி சுமக்கும் தண்ணீரே கண்ணிகளை இழுத்துவிடும். நான் ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் துண்டு விரித்து, அதன்மேல் படுக்கப் போட்டுக் கையால் அளவுக்கு ஒதுக்கி விடுகிறேன்.