அந்தக் கடிதத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள்

பிஸ்கட் டப்பா என்றாலே எனக்கு இப்போது கொஞ்சம் பயம். லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில், பழைய காகிதங்களைச் செப்பனிட்டுப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். நாஜிகளின் இனப்படுகொலைக்குத் தப்பி வந்த யூதர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், வீட்டை ஒழிக்கும்போது கிடைத்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். மூடியைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது என்ன கதியில் இருக்கிறது என்று தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் அப்படி வந்தார். அவருடைய அம்மா 1939இல், பத்து வயதில், வியன்னாவிலிருந்து கிண்டர்ட்ரான்ஸ்போர்ட் ரயிலில் வந்து சேர்ந்தவர். 1938 டிசம்பரில் தொடங்கிப் போர் மூளும்வரை ஏறக்குறைய 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், பெற்றோர் துணையில்லாமல் இப்படி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பாட்டிக்கு விசா கிடைக்கவில்லை. மகளுக்கு அவர் எழுதிய ஏழு கடிதங்கள் டப்பாவில் இருந்தன. ஆறு கடிதங்கள் மடித்தது மடித்தபடி கிடந்தன. கடைசிக் கடிதம் மட்டும் பளபளவென்று மின்னியது. அதுதான் குடும்பத்துக்கு உயிர் என்பதால், கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தார்கள். “பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்” என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. லேமினேஷனில் சூட்டில் உருகும் பசை காகிதத்தின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழில் செய்தது, தனக்குள்ளேயே அமிலத்தை வைத்திருப்பது. அந்த அமிலத்தோடு சேர்த்து அதைப் பிளாஸ்டிக்குக்குள் பூட்டிவிடுகிறோம். கரைப்பான் ஊற்றி உரிக்கலாமே என்றால், கடிதம் எழுதப்பட்டது காப்பியிங் பென்சிலில். நம் ஊர் அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் புழங்கியதுதான்; எச்சில் தொட்டு எழுதினால் ஊதா நிறம் வருமே, அது. அந்தச் சாயம் தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். பிளாஸ்டிக்கை எடுக்கப் போனால் பாட்டியின் எழுத்தும் கூடவே போய்விடும். ஆக, யாரும் கவனிக்காமல் கிடந்த ஆறு கடிதங்கள் நன்றாக இருக்கின்றன. பத்திரப்படுத்திய ஏழாவதுதான் முதலில் கெடப்போகிறது.

என் மேஜைக்கு வரும் சேதங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். எலியும் இராமபாணப் பூச்சியும் செய்தது குறைவு, பாசம் செய்தது அதிகம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவார்கள். இருபது ஆண்டில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் காகிதத்தில் நிற்கும். பிவிசி உறை போட்ட ஆல்பத்தில் புகைப்படங்களைச் செருகுவார்கள். அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது படத்தைப் பிடித்துக்கொள்ளும். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் அப்படித்தான். அமிலமற்ற அட்டை உறையும் பாலியெஸ்டர் உறையும் வாங்குவது பெரிய செலவில்லை. பரணிலும் நிலவறையிலும் வைக்காமல், ஹீட்டரை ஒட்டி இல்லாத ஓர் உள் அலமாரியில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. தொலைக்காட்சியில் காட்டுகிற வெள்ளைப் பருத்திக் கையுறையும் வேண்டாம்; அது போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாமல் கிழிபடும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் போதும். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை. இதைப் படிப்பவர்களின் வீட்டில் வியன்னா கடிதம் இருக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனால் செலோடேப்புக்கு எந்த ஊரிலும் ஒரே குணம்தான்.

துணியும் பொருளும் வரும்போது இன்னும் சங்கடம். 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். ஒரு வீட்டில் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தொங்கிய நூல்களைக் கத்தரித்துச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த நூலில்தான் எத்தனை விஷயம் இருந்திருக்கும்! கோட்டிலிருந்து கோட்டுக்கு மாற்றி மாற்றித் தைத்திருந்தால் ஊசித் துளைகள் இரட்டை வரிசையாக இருக்கும். அவசரத் தையலா, நிதானமான தையலா என்பதும் தெரியும். வேர்வைக் கறைகூட ஒரு சாட்சிதான். இப்போது அது சுத்தமான ஒரு மஞ்சள் துணி, அவ்வளவே. இணையத்தில் விற்கும் போலி நட்சத்திரங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதே பாடாகிவிட்டது.

அழுக்கையும் துருவையும் கண்டால் துடைத்துவிடத் துடிக்கும் கைகளுக்கு, போலந்தில் நாஜிகளின் கொலை முகாம் இருந்த ஆஷ்விட்ஸின் அருங்காட்சியகத்திலுள்ள எனாமல் குவளை ஒன்றைச் சொல்வேன். முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையலறைப் பாத்திரங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன; அவற்றில் அதுவும் ஒன்று. 2016இல் அதன் அடிப்பாகம் துருவேறிக் கழன்றபோதுதான், அதற்கு இரட்டை அடி இருப்பது தெரிந்தது. நடுவில் ஒரு தங்க மோதிரமும் ஒரு சங்கிலியும் இருந்தன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

காகிதத்தைக் காப்பாற்றுவது பற்றி யார் கேட்டாலும் கடைசியில் நான் வார்சாவில்தான் போய் நிற்பேன். போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவுக்குள், வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்பிளம் 1940இல் ரகசியமாக ஒரு குழுவைத் திரட்டினார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓனெக் ஷபெஸ்’, ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று அதற்குப் பெயர். நாட்குறிப்பு, ஆய்வு, வாக்குமூலம் மட்டுமா சேர்த்தார்கள்? டிராம் டிக்கெட், ரேஷன் அட்டை, மிட்டாய் சுற்றிய காகிதம், நாடக விளம்பரம், எல்லாம். 1942 ஆகஸ்டில், கொலை முகாமுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்த நாள்களில், முதல் தொகுப்பைப் பத்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து நோவோலிப்கி தெரு 68ஆம் எண் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். அடுத்த தொகுப்பு 1943 தொடக்கத்தில் இரண்டு பால் கேன்களில் போனது. குழுவில் போருக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் ஹெர்ஷ் வாசருக்கு இடம் தெரிந்திருந்ததால் 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்குள் தோண்டிப் பெட்டிகளை எடுத்தார்கள். பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. மூன்றாவது தொகுப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

என் தொழில் கண்ணுக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. தகரப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து, காகிதங்கள் நனைந்து ஒட்டிப் பூஞ்சை பிடித்துப்போயின. மூடி இறுகிய பால் கேன்களில் இருந்தவை எவ்வளவோ நன்றாக இருந்தன. எதில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நகரத்தின் சாட்சியம் மங்கியும் போகலாம், தெளிவாகவும் நிற்கலாம். ஏறக்குறைய 35,000 பக்கங்கள் இப்போது வார்சாவிலுள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றது அந்தத் தொகுப்பு.

ரிங்கல்பிளம் மிட்டாய்க் காகிதத்தைக்கூட விடவில்லை. எங்களிடம் வரும் குடும்பங்களோ புகைப்படத்தையும் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “மற்றதெல்லாம் வெறும் அலுவலகக் காகிதம், தூக்கிப் போட்டுவிட்டோம்” என்கிறார்கள். எனக்கு வயிறு எரியும். விசா மறுத்த தூதரகத்தின் இரண்டு வரி, கப்பல் நிறுவனத்தின் ரசீது, போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அனுப்பிய படிவம்: இவைதான் அந்த மனிதர்கள் எந்தக் கதவையெல்லாம் தட்டினார்கள் என்பதைச் சொல்பவை. அந்தச் செஞ்சிலுவைப் படிவத்தில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. பதிலை அதன் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்ப வேண்டும். போய்த் திரும்பி வர மாதக்கணக்காகும். “நலம். கவலைப்படாதே” என்பதோடு சொற்கள் தீர்ந்துபோகும்.

இன்னொரு அவசரம், படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவது. அந்தத் தலைமுறையில் பலர் எழுதியது குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கூட்டெழுத்து. இன்றைய ஜெர்மானியர்களிலேயே பெரும்பாலானோருக்கு அது கோழி கிளறியதுபோல் தெரியும். இங்கிலாந்தில் பிறந்த பேரனுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டில் ஒரு முதியவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறம் ஓரத்தில் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். பெயர் தெரியாத படங்கள் எங்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

காப்பகத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். நான் கட்டாயப்படுத்துவதில்லை. ஜெர்மனியில் ஆரோல்சென் ஆவணக் காப்பகம் இதற்கு நேரெதிரான வேலையையும் செய்கிறது. முகாம் கைதிகளிடம் நாஜிகள் பறித்த கடிகாரம், மோதிரம், பர்ஸ் போன்றவற்றை உறை உறையாக வைத்திருந்து, 2016 முதல் குடும்பங்களைத் தேடித்தேடித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அவற்றில் யூதர்களுடையவை மிகச் சில. அவர்களிடம் பறித்ததில் அப்படி எடுத்துவைக்க எதையும் மிச்சம் விடவில்லை. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து பாரிஸ் கண்காட்சிக்கு இரவலாக வந்த ஒரு பெட்டியில் 2005இல் தன் தந்தையின் பெயரைக் கண்ட மகன், அதைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். 2009இல் சமரசமாகி, பெட்டி நீண்டகால இரவலாகப் பாரிஸிலேயே தங்கியது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஏலத்தில் விற்பதை மட்டும் வேண்டாம் என்பேன். தபால் முத்திரைக்காக உறையை ஒருவர் வாங்குவார், கடிதம் இன்னொருவரிடம் போகும். ஒரு குடும்பம் இரண்டாவது முறை சிதறும்.

கொடுப்பதென்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பொருளின் உரிமை வேறு, எழுத்தின் பதிப்புரிமை வேறு. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பக்கங்களைச் சில ஆண்டுகளுக்கு மூடிவைக்கச் சொல்லலாம், ஸ்கேன் பிரதியும் கேட்கலாம். கொடுப்பதற்கு முன் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிவிடாதீர்கள். அம்மா எதை எதோடு சேர்த்துக் கட்டிவைத்தார் என்பதும் எங்களுக்கு வேண்டும்.

அந்தப் பெண்மணி இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். நான் கேட்டுக்கொண்டதால், குப்பைக்குப் போகவிருந்த ஒரு கோப்பைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். 1950களில் அவருடைய அம்மா இழப்பீடு கேட்டு அனுப்பிய மனுவின் தட்டச்சுப் பிரதி. துருப்பிடித்த கிளிப்பை மெல்ல எடுத்தேன். நான்காம் பக்கத்தில், வியன்னா வீட்டில் இருந்த பொருள்களின் பட்டியல்: சாப்பாட்டு மேஜை ஒன்று, நாற்காலி ஆறு, தையல் இயந்திரம் ஒன்று, குழந்தைக் கட்டில் ஒன்று. “கட்டிலா?” என்றார் மகள். “அம்மாவுக்கு அப்போது பத்து வயதாயிற்றே.” அதற்குக் கீழே பென்சிலில், குர்ரெண்டில், ஒரு பெயர் எழுதியிருந்தது. அவர் அதுவரை கேள்விப்பட்டிராத பெயர்.