காத்திருந்தவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போய்த் திரும்பும் ஒருவர், அவருக்காகக் காத்திருந்த இன்னொருவர். இருவரும் ஆண்கள், காதலர்கள். நாவலாக எழுதினால் சிறை வாசலில் இருவரும் கட்டிக்கொள்ளும் இடத்தில் முடித்துவிடலாம். மனநல ஆலோசகராக நான் இவர்களைச் சந்திப்பது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். பெரும்பாலும் ஒருவர் மட்டும்தான் வருவார், விடுதலையானவர். கூட இருப்பவர் வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

இங்கே சொல்பவை ஒரே ஆளின் கதை அல்ல. அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பலருடைய அனுபவங்களைச் சேர்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு சாத்தியிருக்கும் கதவை அவராகத் திறப்பதில்லை. யாராவது திறக்கட்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறார். சாயங்காலம், சிறையில் அறைக்குள் வைத்துப் பூட்டும் லாக்கப் நேரம் நெருங்கினால் கடைத்தெருவில் இருக்க முடியவில்லை, மனசு வீட்டுக்கு ஓடுகிறது. தட்டில் சோறு வைத்த இரண்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். ராத்திரி தூக்கத்தில் துணையின் கை தெரியாமல் மேலே பட்டுவிட்டால் துள்ளி எழுந்து, சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார். யார் தொட்டது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? ‘என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.’

பிடிக்காமல் போகவில்லை. பிரிட்டனில் தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுதலையான 18 ஆண்களை மனநல மருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ் ஆராய்ந்து 2004இல் எழுதினார். பெரும்பாலானோரிடம் ஆளுமையே மாறிப்போகும் அளவுக்குப் பாதிப்பு இருந்தது. நெருங்கியவர்களோடு ஒட்ட முடியாமல் தவித்தார்கள். உடம்பு உள்ளே கற்றுக்கொண்டதை வெளியே வந்ததும் மறந்துவிடாது. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டால் என்ன நடக்குமோ என்று உள்ளே ஒவ்வொரு நாளும் பயந்து வாழ்ந்திருப்பார்கள். சிலர் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியிருப்பார்கள். ‘உள்ளே என்ன நடந்தது, சொல்லு’ என்று துணை வற்புறுத்த வேண்டாம். அவர் சொல்லும்போது கேட்டால் போதும். தொடுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், முன்பக்கமாக வாருங்கள். கொஞ்ச காலம் தனித்தனிப் பாயில் படுப்பதால் உறவு முறிந்துவிடாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இருவருமே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம், இலவசம்தான்.

இனி காத்திருந்தவரைப் பற்றி. இவரைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது உறவுமுறை என்ற இடத்தில் ‘நண்பர்’ என்று எழுதியவர். வக்கீல் வீட்டு ஆட்களிடம்தான் பேசுவார், இவரிடம் பேசமாட்டார். ‘நீ கோர்ட்டுப் பக்கம் வராதே, கேஸ் கெட்டுடும்’ என்று குடும்பம் சொல்லியிருக்கும். ஆபீசில் யாரிடமும் சொல்ல முடியாது, அழ முடியாது, லீவு கேட்கக் காரணமும் இல்லை. விடுதலை கிடைத்த அன்று குடும்பம் அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம், ‘ஒரு கால்கட்டைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று பெண் பார்க்கத் தொடங்குவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் நொறுங்கிக் கிடக்கும் இடத்தில் ஒன்றும் அறியாத மூன்றாவது ஒரு பெண்ணையும் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

மகனை ‘மாற்றித்தரச் சொல்லி’ கேட்டுவரும் பெற்றோரும் உண்டு. அது சிகிச்சையே அல்ல. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிறப்பித்த உத்தரவையடுத்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்றே அறிவித்துவிட்டது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கியது. எட்டே நாள் கழித்து, அதே மாதம் 14ஆம் தேதி, பொய் வழக்கில் 1994இல் கைதான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நாடறிந்த அவருக்கே 24 வருடம் ஆனது. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் அந்த ஆகஸ்டில்தான் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், எத்தனை வருடம் காத்திருந்தாலும் துணைக்குக் கணவன், மனைவிக்கு உள்ள சட்ட உரிமை கிடையாது.

ஆனாலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன, பலருக்கு அது தெரியவில்லை. பால்புதுமையருக்கும் (LGBTQ+) சிறைச் சந்திப்பில் சம உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு எழுதியது. அந்த ஆகஸ்டில், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று நிதித்துறை தெளிவுபடுத்தியது. என் துறையில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, சிகிச்சை விஷயங்களில் தனக்குத் துணையாக நிற்க, வயதுவந்த யாரையும் ஒருவர் நியமித்துக்கொள்ளலாம். ரத்த உறவு தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும், நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். விடுதலையானவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இதை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பின்னால் நிலைமை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், ‘நீங்க யாரு’ என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

இலவச சட்ட உதவிக்கு 15100. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண்ணைக் காத்திருந்தவரும் தனக்காகவே அழைக்கலாம். சிறையிலிருந்து வந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை.