ஊருக்கெல்லாம் தெரியும், உடன்பிறந்தவருக்குத் தெரியாது

குடும்பச் சொத்து வழக்குகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவது என் தொழில். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இதை அவரிடம் நேரில் சொன்னீர்களா?"

பெரும்பாலும் பதில் வருவதில்லை. மாமனார் வீட்டில் சொல்லியிருப்பார்கள், சேகர குருவிடம், அதாவது சபைப் போதகரிடம், சொல்லியிருப்பார்கள், வக்கீலிடம் தேதி வாரியாகச் சொல்லியிருப்பார்கள். வருத்தம் யார்மீதோ அவரிடம் மட்டும் ஒரு வார்த்தைகூடப் போயிருக்காது.

இயேசு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அதை அவனுக்கு உணர்த்து என்கிறார். அவன் கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் சபைக்குத் தெரிகிறது, பிறகு சொந்தக்காரர்களுக்கு, கடைசியில் சகோதரனுக்கு, அதுவும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸாக.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடப்பது இன்னும் மோசம். "என் அண்ணனின் கடின மனம் மாற ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது நான்கு பேர் வழியாக அண்ணனின் காதுக்குக் குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். ஜெபத்தின் போர்வையில் இருந்தாலும் புறங்கூறுதல் புறங்கூறுதல்தான்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அண்ணன், தங்கை இருவரே பிள்ளைகள். தாயார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தது ஓர் ஓட்டு வீடும் பனைவிளை என்கிற ஒரு பனந்தோப்பும். தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தார். அண்ணன் மஞ்சள் பை நிறைய மருத்துவமனைச் சீட்டுகளும் மருந்துக்கடை ரசீதுகளும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். சில ரசீதுகளில் மை முழுக்க மங்கி, வெறும் தாளாகிவிட்டிருந்தது. அவற்றையும் விடாமல் வரிசையில் வைத்தார்.

எல்லாம் வைத்து முடிக்கும் வரை தங்கை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நான் செலவுக் கணக்குக் கேட்கவில்லை அண்ணே. வீட்டுப் பூட்டை ஏன் மாற்றினீர்கள்?"

தாயார் இறந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருக்கிறார். கையிலிருந்த சாவி சேரவில்லை. தார்சாவில், அதாவது வீட்டு முன்தாழ்வாரத்தில், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரிடமும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அண்ணன் சொன்ன பதில்: யாரோ பூட்டை உடைக்கப் பார்த்தார்கள், அதனால் மாற்றினேன், சாவி பக்கத்து வீட்டுச் சித்தியிடம்தான் இருந்தது. "உனக்குச் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் உன் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்த்தார் என்று காதில் விழுந்தது."

இதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. விளையை அளக்க சர்வேயர் வந்தார், கிணறு யார் பக்கம் வருவது என்று மறுபடியும் வாக்குவாதம் வந்தது. ஆனாலும் அதன்பின் இருவரும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டு, ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சபைகளில் இந்தச் சொல்லைப் பெண்பிள்ளைகள்மீதுதான் அதிகம் பிரயோகிக்கிறார்கள். "அன்பு தற்பொழிவை நாடாது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடு" என்று மூத்தவர்கள் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். தற்பொழிவு என்றால் தன்னலம்; விடுதலைப் பத்திரம் என்றால் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் வாழ்க்கைத் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். இதில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. பழைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம், மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று வைத்திருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலைக்கு முடிவு கட்டியது. சட்டம் கொடுத்ததை வேதவசனத்தைக் காட்டிப் பறிப்பதை நான் அன்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆதியாகமம் 13இல் ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வருகிறது. லோத்து ஆபிரகாமின் சகோதரன் மகன். ஆபிரகாம் பெரியவர், தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. அவர்தான் லோத்திடம், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்கிறார். விட்டுக்கொடுத்தது கை ஓங்கியிருந்தவர். சபை மூப்பர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் நல்லது.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் இடத்தில் தனியாகப் போய்ப் பேசச் சொல்ல மாட்டேன். முதலில் பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை நாடுவது அவிசுவாசம் அல்ல.

மற்ற வழக்குகளில், நீதிமன்றம் வரை போய்விட்டாலும் பேச வழி உண்டு. தமிழ்நாடு சமரச மையம் 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கியது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையங்கள் இருக்கின்றன. அங்கே பேசியதை யாரும் வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் ஒருவர் மனம் திறந்து "அது என் தவறு" என்று சொல்லத் துணிகிறார். சமரசத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஒப்புரவானால் பழையபடி ஒரே வீட்டில் கூடி வாழ வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். வேதத்தில், பகைத்துப் பிரிந்திருந்த சகோதரர்களான ஏசாவும் யாக்கோபும் மறுபடி சந்தித்தபோது கட்டிப்பிடித்து அழுதார்கள். அதன்பின் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் போனார்கள். மாற்கு என்ற உடன் ஊழியரின் பொருட்டுப் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். அதே மாற்குவைத் தன் கடைசி நாட்களில் பவுல் அழைத்துவரச் சொல்கிறார், ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். அதற்கு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் குடும்பத்து அண்ணனும் தங்கையும் இன்று பண்டிகைக்குப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அது போதும்.

பேசப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாகப் போங்கள். கணவனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பத்திர நகலும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தையும் துக்க வீட்டையும் தவிர்த்துவிடுங்கள். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று குணத்தைப் பிடிக்காமல், பூட்டு என்றால் பூட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். உண்மையில் பொறுமை தேவைப்படுவது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். அன்றைக்கு அவர் முகம் கொடுக்காவிட்டால், "மறுபடி எப்போது வரட்டும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால், நீங்கள் இருவருமே மதிக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்துக்குப் பேச வந்தவராக மட்டும் அவர் இருக்கக் கூடாது.